பெரிய ஜாடியில் என் அரிசி

அந்த அறுப்பின் பண்டிகை ஞாயிற்றுக்கிழமை, கோவிலுக்குப் போகும் வழியெல்லாம் அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டே நடந்தேன். ஒவ்வொரு வேளையும் உலை வைக்குமுன், வீட்டில் தலைக்கு ஒரு கரண்டி ஆண்டவருக்கென்று எடுத்து வைப்பது எங்கள் தால்கோல் கிராமத்துச் சபைப் பெண்களின் வழக்கம். எங்களுக்குப் பார்லி வெந்த நாளிலும் அந்தப் பைக்குள் நான் வெள்ளை அரிசிதான் போட்டேன். ஒரு கல், ஒரு உமி கிடையாது.

"இன்னிக்குப் பெரிய ஜாடியிலதான் கொட்டப் போறேன்" என்றேன் என் புருஷன் மங்கிலிடம்.

"வம்பு வேணாம்டி. சின்ன ஜாடியில போட்டாலும் ஆண்டவருக்குப் போய்ச் சேரும்."

"ஆண்டவருக்குச் சேரும். எனக்கு ஆறலையே!"

எப்படி ஆறும்? நாங்கள் மாடு அறுக்கிறவர்கள். ஊரிலேயே பெரிய பண்ணை வீடான யூன் வீட்டு ஏழு வயதுப் பொடியன் என் புருஷனை "டேய்" என்பான். இவர் குனிந்துகொண்டு "சொல்லுங்க" என்பார். எனக்குப் பெயர்கூட இருந்ததில்லை. ஞானஸ்நானம் எடுத்தபோதுதான் லீதியாள் என்று ஒன்று கிடைத்தது. அன்று வீடு வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஆனால் யூன் வீட்டு அம்மாவுக்கு நான் இன்னும் கசாப்புக்காரிதான். எங்கள் அரிசி தன் அரிசியோடு கலந்தால் சபையை விட்டே போய்விடுவேன் என்று அவர் சொல்லிவிட்டார். அதனால் எங்களுக்கென்று செருப்பு கழற்றும் இடத்தில் தனியாக ஒரு சின்ன ஜாடி வைத்தார்கள். அதில் பழைய கிம்ச்சி ஊறுகாய் வாடைகூடப் போகவில்லை.

கோவிலில் நடுவே திரை. அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் நாங்கள். பெண்களுக்கு வேதம் சொல்லித்தரும் பெக் அக்கா பெரிய ஜாடியைத் திறந்தாள். வழக்கம்போல யூன் வீட்டு அம்மாதான் முதலில் எழுந்தார். பையின் வாயை நீண்ட சட்டைக் கையால் மறைத்துக்கொண்டே கொட்டுவார். பெரிய வீட்டு நாசூக்கு என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம். அவருக்குப் பின்னால் மற்றவர்கள் வரிசையாகக் கொட்டினார்கள்.

கடைசியாக நான் எழுந்தேன். சின்ன ஜாடிப் பக்கம் திரும்பாமல் நேராகப் போய், பையைக் கவிழ்த்தேன். மழை பெய்த மாதிரி சத்தம். ஐயோ, அந்தச் சத்தம் கேட்டு எனக்கு வந்த சந்தோஷம்!

"ஏய்!" யூன் வீட்டு அம்மா அலறினார். "கொழுப்பாடி உனக்கு? உன்னோடதை வெளிய எடு!"

"எடுத்துக்கிறேம்மா. எது என்னோடதுன்னு காட்டுங்க, பொறுக்கிடறேன்."

யாரோ களுக்கென்று சிரித்தாள். திரைக்கு அப்பால் என் புருஷன் இருமினார். வேண்டாம்டி என்று அர்த்தம். நான் கேட்பதாக இல்லை.

எங்கள் சபையில் ஓ என்னும் குடும்பத்து மருமகளுக்கு, யூன் வீட்டாரிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும். என் அரிசியை அள்ளி எடுக்கிறேன் என்று சுரைக்குடுவையை ஜாடியின் அடி வரைக்கும் விட்டுக் கிளறினாள். "இதோ பாருங்க, பார்லி! ஆண்டவருக்குப் போடறதுல பார்லி! இது கசாப்பு வீட்டு வேலைதான், வேற யாருக்கு இந்தப் புத்தி வரும்?"

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. என் பையில் பார்லியா? வாயைத் திறந்துகொண்டே திரும்பினேன். யூன் வீட்டு அம்மாவின் முகம் கண்ணில் பட்டது. வெளுத்துப்போயிருந்தது. ஜாடியைப் பார்க்கவில்லை அவர். தன் சட்டைக் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மடிப்பில் இரண்டு பார்லி மணிகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

சர்க்கார் நில அளவைக்காரர்கள் வந்துபோனதிலிருந்து யூன் வீட்டு வயல்கள் கைமாறிவிட்டதாகச் சந்தையில் பேசிக்கொண்டார்கள். நான் நம்பியதில்லை. இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. பையில் மேலே ஒரு பிடி அரிசி, அடியில் பார்லி. மறைக்கத்தான் அந்தச் சட்டைக் கை.

அடடா, என்ன ஒரு சந்தர்ப்பம்! ஒரே ஒரு வார்த்தை போதும். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். தெருவில் பெரிய வீட்டுக்காரர்கள் எதிரே வந்தால் நான் குனிவேனே, அதே குனிவு. 'ஆண்டவரே, இவ்வளவு நல்லதைக் கையில கொடுத்துட்டு வேண்டாம்னு சொன்னா எப்படி?' என்று உள்ளுக்குள் சண்டை போட்டேன். சிலுவையில் தொங்கியபடி, தம்மை ஆணியடித்தவர்களுக்காகவே அவர் ஜெபித்தார் என்று எனக்குத் தெரியும்.

"ஆமா, பார்லி என்னோடதுதான். மன்னிச்சிடுங்க" என்றேன்.

"என்னது!" திரைக்கு அப்பாலிருந்து என் புருஷன் கத்தினார். "நம்ம பையில ஏதுடி பார்லி? நான்தானே உக்காந்து கல்லு பொறுக்கினேன்!"

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க!"

இரண்டு பக்கமும் சலசலத்தது. ஓ வீட்டு மருமகள் சின்ன ஜாடியைத் தூக்கி வந்து என் முன்னால் டொக்கென்று வைத்தாள். நான் மண்டியிட்டு, பெரிய ஜாடிக்குள் கையை விட்டுப் பார்லியைப் பொறுக்கத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. கண்ணீர் மூக்கு வழியாக வந்தது. பெரிய ஜாடி எனக்கு அவ்வளவுதான், போயேவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. என்னைத் தொட்டால் தீட்டு என்று இருபது வருஷம் விலகிப் போன கை.

"நிறுத்து."

யூன் வீட்டு அம்மா என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் குரல் கணீரென்று திரைக்கு அப்பாலும் கேட்டது.

"அந்தப் பார்லி என்னோடது. எங்க வீட்டுல அரிசி இல்ல. லீதியாள் பொய் சொல்றா."

"அதைத்தானே நானும் சொன்னேன்!" என்றார் என் புருஷன், அந்தப் பக்கத்திலிருந்து.

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியாது. பெக் அக்கா சிரித்தாள், அழுதாள். யூன் வீட்டு அம்மா இரண்டு கைகளையும் முழங்கை வரை ஜாடிக்குள் விட்டு, அரிசியையும் பார்லியையும் ஒன்றாகக் கலந்தார். எனக்கு உதவி செய்யக்கூடத் தோன்றவில்லை. பொய்க்காரி என்று கோவிலில் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கிவிட்டு, வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா என் பெயரைச் சொல்லிவிட்டாரே!