நூற்று ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர்

கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்புத் தமிழ்ப்பள்ளிக்குப் புதிதாக வந்த ஷாமினி டீச்சர், நான்காம் ஆண்டு தாமரை வகுப்பில் முதல் நாளே சிமெண்டுத் தரைக்குள் இரண்டு சென்டிமீட்டர் இறங்கினார். "சத்தம் போடாதீங்க" என்று கத்தினார், இறங்கினார். அவ்வளவுதான். தரையில் விரிசல் இல்லை, ஈரமும் இல்லை. தரை போட்ட குத்தகையாளரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதை நானே போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இருபத்தெட்டுப் பிள்ளைகளில் நாலு பேர் மேசைமேல் நின்றார்கள், இரண்டு பேர் கட்டிப் புரண்டார்கள், ஒருத்தி கழிப்பறைக்குப் போக "டீச்சர், தண்டாஸ் போலாமா" என்று ஏழாவது தடவையாகக் கேட்டாள். கத்தினால் இறங்குகிறோம் என்பது ஷாமினிக்கு மறுநாளே புரிந்துவிட்டது. கத்தாமல் இருந்து பார்த்தார். அன்றைக்கு ஜன்னல் வழியாக ஒரு நாற்காலி வெளியே போனது. பயிற்சிக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்த கைதட்டல், நட்சத்திர அட்டை, பாட்டு எதுவும் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மறுபடி கத்தினார். பள்ளி முடிந்து மணி அடித்ததும் மேலே வந்துவிடுவார். கொமுட்டர் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் வாடகை அறைக்குப் போவார். மறுநாள் வகுப்புக்குள் கால் வைத்ததும் விட்ட இடத்துக்கே இறங்கிவிடுவார்.

அவருடைய அம்மா சீதாலெட்சுமி, சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷமாக நின்றுகொண்டே வேலை பார்ப்பவர். மகளாவது நாலு பேர் முன்னால் கௌரவமாக நிற்கட்டும் என்று படிக்க வைத்தார். சாயங்காலம் தவறாமல் போன் வரும். "எப்படிம்மா இருக்கு ஸ்கூலு?" "ஓகே லா மா. பழகிடும்." போனை வைத்துவிட்டு ஷாமினி தேம்பித் தேம்பி அழுவார். தரைக்கு அவர் பயப்படவில்லை. நாம் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே என்றுதான் பயம். வேலையை விட்டுவிடலாம் என்றால், அதை அம்மாவிடம் எந்த முகத்தோடு சொல்வது?

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் ஆசிரியர்கள் அன்றைய பாடத்திட்டத் தாளின் அடியில் 'சிந்தனை மீட்சி' என்று ஒரு வரி எழுதுவார்கள். எத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் ஏறியது என்று அதில் சொல்ல வேண்டும். ஷாமினி முதல் வாரம் உள்ளதை உள்ளபடி எழுதினார்: 28-இல் 0. பக்கத்து வகுப்புப் புஷ்பவல்லி அதைப் பார்த்துப் பதறிப்போனார். நல்ல மனுஷி; வேலைக்கு வந்த புதிதில் அவரே முழங்கால் வரை போய் மீண்டவர் என்று கேன்டீனில் ஒரு பேச்சு உண்டு. "இப்படியெல்லாம் எழுதாத லா. நாளைக்கு உன்னத்தான் கூப்பிட்டுக் கேப்பாங்க. இருபத்தஞ்சு போட்டுடு. நாங்கல்லாம் அப்படித்தான் போடுறோம்." ஷாமினி அழித்துவிட்டு இருபத்தைந்து போட்டார். அதன் பிறகு என்றைக்கும் இருபத்தைந்துதான். முழங்கால் மறைந்த வாரமும் அதே, இடுப்பு மறைந்த மாதமும் அதே.

மார்பு வரை போனபோது வெட்கத்தை விட்டுத் தலைமையாசிரியர் கன்னையாவிடம் போய், வகுப்பில் உதவிக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று கேட்டார். கன்னையாவும் இரக்கப்பட்டு அன்றைக்கே மேலிடத்துக்கு எழுதினார். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. தாமரை வகுப்பில் நாள்தோறும் 28-இல் 25 பேர் அடைவு பெறுவதாக ஆவணம் காட்டுகிறது, ஆகவே உதவி தேவையில்லை, வாழ்த்துகள். கன்னையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். "நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க டீச்சர். இனிமே நான் என்ன சொல்றது?" அடுத்த பாடத்துக்கு மணி அடித்துவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை தாடை வரை இறங்கிவிட்டார். கத்துவதற்கு மூச்சு பிடிக்க முடியவில்லை. பேச்சு முணுமுணுப்பாகத்தான் வந்தது. டீச்சர் என்ன சொல்கிறார் என்று கேட்கப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அவரைச் சுற்றிக் குப்புறப் படுத்தார்கள். இன்னும் எழுத்துக்கூட்டத் தெரியாத புனிதா அடிக்கோலைக் கொண்டுவந்து டீச்சரின் காதோரம் நிறுத்தினாள்.

"இருபது இருக்கு டீச்சர். நீங்க மொத்தம் எவ்ளோ?"

"நூத்தி அம்பத்திரெண்டு."

"அப்போ மிச்சம் கீழ இருக்கா?"

"ஆமாம்மா. எவ்ளோன்னு பாரு."

இருபத்தெட்டு பேரும் கழித்துப் பார்த்தார்கள். இருபத்தெட்டு பேருக்கும் நூற்று முப்பத்திரண்டு வந்தது, புனிதாவுக்கும். ஷாமினி அழுதார், அந்த வருஷத்தில் சந்தோஷத்தில் அழுதது அந்த ஒரு தடவைதான். அதை உடனே எழுதிவைக்க வேண்டும் என்று துடித்தார். கை இரண்டும் தரைக்குக் கீழே இருந்தன.

மணி அடித்தது. அவர் மேலே வரவில்லை. புதன்கிழமை தலையும் இல்லை. சீதாலெட்சுமி சுங்கை வேயிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் வெறுங்காலோடு நெடுநேரம் நின்றார். "பழகிடும்னுதான் சொன்னா" என்றார். பிறகு ஷிப்டுக்கு நேரமாகிறது என்று புறப்பட்டுப் போனார். நிரப்பாமல் கிடந்த செவ்வாய்க்கிழமைச் சிந்தனை மீட்சியைப் புஷ்பவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிரப்பினார்: 28-இல் 25.

திங்கட்கிழமை செமினியிலிருந்து பிரவின் சார் வந்தார். புதியவர், முதல் வேலை. பத்தாவது நிமிஷம் கத்தினார். வகுப்பு சட்டென்று அடங்கியது. அவருக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. புனிதா அடிக்கோலை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"சார், உங்க மொத்த உயரம் எவ்ளோ?"

நூற்று எழுபது என்றார். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.