பிளக்கைப் பிடுங்கிய மாமா

டயாலிசிஸ் நிலையத்தின் வரவேற்பு மேசையில் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தவள் நாற்பதை நெருங்கும் வயதில் டேட்டாபேஸ் எழுதக் கிளம்பினால் நாலு பேர் சிரிக்காமல் இருப்பார்களா? சிரித்தார்கள். வீட்டில் இளையவள் என்பதால் எல்லாருக்கும் அவள் சின்னவள். சின்னவள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இணையத்தில் பாடம் பார்த்து, தப்பும் தவறுமாக எழுதிப் பழகி, நோயாளிகளுக்கு இயந்திரம் ஒதுக்கும் நிரல் ஒன்றைச் செய்தே விட்டாள். திங்கட்கிழமை முதல், யாருக்கு எப்போது என்று எழுதிவைக்கும் வெள்ளைப் பலகைக்குப் பதில் அதுதான் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அங்கே ஒருவருக்கு முறை தவறினால் மூச்சு முட்டும், உயிருக்கே ஆபத்து. அப்படி வருகிறவர்களில் அவளுடைய அக்காவின் கணவரும் ஒருவர். விளையாட்டுக் காரியமா அது?

சனிக்கிழமை மதியம் கூட்டம் கலைந்ததும் கடைசியாக ஒரு தடவை சோதித்தாள். சிகிச்சை முடிந்த மாமா, அக்கா வண்டி கொண்டுவரும்வரை பக்கத்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். சோதனைக்கென்று வைத்திருந்த பட்டியல் நகலில் மாமாவின் பெயரையே எடுத்து, காலை முறையிலிருந்து மாலைக்கு மாற்றினாள். பாதியில் மின்சாரம் போனது. திரும்பி வந்ததும் திரையைப் பார்த்தாள். காலையிலும் மாமா இல்லை, மாலையிலும் இல்லை.

"என்ன, உயிரோட இருக்கும்போதே என் பேரை எடுத்துட்டியா?" என்று எட்டிப் பார்த்தார் மாமா. லாரி மெக்கானிக். சாவைப் பற்றியும் கிண்டலாகத்தான் பேசுவார்.

சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தப்பு அவள் கையில்தான் இருந்தது. வருடக்கணக்கில் பலகையில் எழுதிய கை. ஒரே ஆளின் பெயர் இரண்டு கட்டத்தில் நிற்கக் கூடாது, அதனால் முதலில் அழி, பிறகு எழுது என்பது அந்த மேசையின் சட்டம். நிரலிலும் அழிப்பதைத் தனியாக முடித்துவிட்டு, எழுதுவதைத் தனியாகத் தொடங்கியிருந்தாள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள். பலகையில் அழிக்கும்போது பெயர் அவள் மண்டையில் இருக்கும். கணினிக்கு ஏது மண்டை?

பாடத்தில் மேலோட்டமாகத் தாண்டிப்போன 'டிரான்சாக்ஷன்' என்ற பகுதியைத் தேடிப் படித்தாள். அழிப்பதையும் எழுதுவதையும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் கட்டினாள். நடந்தால் இரண்டும் நடக்கும், இல்லாவிட்டால் எதுவுமே நடக்காது என்றது பாடம். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டு வேலைக்கும் நடுவில் கொஞ்சம் காத்திருக்கும்படி ஒரு வரி சேர்த்தாள்.

"மாமா, நான் சொன்னதும் கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்குங்க."

"மெஷினை நம்பிப் பொழைக்கிறவன்கிட்டயே பிளக்கைப் பிடுங்கச் சொல்றியே, நல்லா இருப்ப."

"இப்ப."

பிடுங்கினார். திரை இருண்டது. மறுபடி செருகினார். கணினி முக்கி முனகி எழுந்தது. காலைக் கட்டத்தில் மாமாவின் பெயர், ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்திருந்தது.

சின்னவளுக்கு மெய் சிலிர்த்தது. டேட்டாபேஸ் செய்யப்போவதை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டு, எழுந்ததும் அரைகுறையாக நின்ற வேலையை அதுவாகவே ரத்து செய்திருக்கிறது. படித்ததுதான். ஆனால் படிப்பது வேறு, கண்ணெதிரே பார்ப்பது வேறு. அவள் முகம்கூடத் தெரியாத யாரோ, இந்த நடு நொடியில் மாட்டிக்கொள்ளும் ஆளுக்காக என்றோ உட்கார்ந்து கவலைப்பட்டிருக்கிறார்கள். அதை நினைத்ததும் கை கூப்பத் தோன்றியது.

அடுத்த தடவை, 'முடிந்தது' என்று திரையில் வந்த கணமே பிடுங்கச் சொன்னாள். கணினி எழுந்தபோது பெயர் மாலைக் கட்டத்தில் இருந்தது.

மாமா திரைக்கு அருகில் குனிந்து பார்த்தார். கிண்டல் எங்கோ போய்விட்டது.

"அங்க இருப்பேன், இல்லன்னா இங்க இருப்பேன். நடுவுல தொலைச்சிடாதா?"

"தொலைக்காது மாமா."

வாசலில் அக்காவின் வண்டிச் சத்தம் கேட்டது. மாமா மெல்ல எழுந்தார்.

"அப்ப திங்கக்கிழமை பலகையில முதல்ல என் பேரை அழி."

சின்னவள் தலையை ஆட்டிவிட்டு, பலகை துடைக்கும் துணியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.