முதுகு காட்டி நிற்பவன்

“கடைக்குள்ள இரிந்து வெளிய வாடி! போனுக்கு ரீலோட் போட ஆருக்குகா பகல் முழுக்கச் செல்லும்?”

இரத்தினம்மாவின் சத்தத்தில் எதிர்ப்பக்கம் மீன் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் மீனை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். ஓட்டமாவடி நிஸ்தாரின் போன் கடையில் அவள் மூத்த மகள் கேதீஸ்வரி தினமும் போய் உட்காருகிறாள் என்பது வாழைச்சேனை முழுக்கத் தெரிந்த செய்தி. தாய்க்குத்தான் கடைசியாகத் தெரிந்தது; இப்படியான செய்திகள் அப்படித்தானே போகும்.

“மாமி, அல்லாட மேல ஆணையா என்னப் பாக்க வாறல்ல,” நிஸ்தார் நெஞ்சில் கை வைத்தான். “இந்தாளப் பாக்கத்தான் வாற.”

கம்பியூட்டரில் ஒரு சினிமா நடிகன் துவக்கோடு நின்றான். படம் அல்ல, கேம். ஆளின் முதுகுதான் எப்போதும் தெரியும். விளையாடுகிறவர் அவன் பின்னாலேயே போகவேண்டும்.

“கூத்தாடிட முதுகப் பாக்கவா பஸ் ஏறி வாறாய்? நாளைக்கு வவுணதீவில இருந்து உன்னப் பொம்புள பாக்க வாறாங்கடி!”

கேதீஸ்வரி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளும் குணசீலனும் வாகரையில் கலியாணம் முடித்தவர்கள். கலியாணப் படத்தைக் கடல் கொண்டுபோனது; மாப்பிள்ளையைச் சண்டை கொண்டுபோனது. சுனாமிக்குப் பிறகு கல்குடாவில் கிடைத்த கல்வீட்டுக்குச் சீமெந்து நிலம் இழுத்தவனே அவன்தான். விட்டுவந்த மாட்டைப் பார்த்து வருகிறேன் என்று, சண்டை நடக்கும்போதே வாகரைக்குப் போனான். மாடு வந்தது. சண்டை முடிந்து ஒரு வருடமாகியும் அவன் வரவில்லை.

முகம் மறக்கத் தொடங்கியிருந்தது. அதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. ரீலோட் போட வந்த ஒரு நாள்தான் இந்த முதுகைக் கண்டாள்: இடது தோள் கொஞ்சம் சரிந்து, பிடரியில் மயிர் சுருண்டு. நடிகனுக்கும் குணசீலனுக்கும் முகத்தில் ஒரு பொருத்தமும் கிடையாது, அதையும் சொல்லவேண்டும். குணசீலன் பல் மிதந்த ஆள். சுடவேண்டாம், சும்மா நிற்கவிடு என்று நிஸ்தாரிடம் கெஞ்சுவாள். தொடாமல் விட்டால் அந்த ஆள் கால் மாற்றி, தோளைக் குலுக்கி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவன்போல நிற்பான். முகத்தைக் காட்டவா என்று நிஸ்தார் ஒருமுறை கேட்டதற்கு, “திருப்பிராத தம்பி. திருப்பினா அது அவரில்ல,” என்றாள்.

இரத்தினம்மா திட்டுவதற்கு வாய் திறந்தவள் திரையைப் பார்த்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. கூடியிருந்தவர்களுக்குப் பெரிய ஏமாற்றம்.

“மருமகன்ட தோள்,” என்றாள். பிறகு மெதுவாக, “ஆனா இது வீடு வந்து சேராது புள்ள.”

“அவர் வந்தா எங்கம்மா வருவார்? அந்த வீட்டுக்குத்தானே? உள்ளுக்க இன்னொருத்தன் சாரனோட இரிந்தா அவர் என்ன செய்வார்?”

இந்தப் பக்கத்தில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவான். வேறு ஊர் என்றால் புதியவனைக் கட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போயிருப்பாள், இந்த வீடாவது குணசீலனுக்காகக் காத்திருக்கும்.

“வீட்டத் தங்கச்சிக்குக் குடுங்க. நான் ரோட்டோரத்தில ஒரு கொட்டில் போட்டுக்கிறன்,” என்றாள் கேதீஸ்வரி.

வவுணதீவு நல்லரத்தினம் சொன்னபடி மறுநாள் வந்து சோடா குடித்தார். ஆவணியில் தங்கை தனுஷியாவைக் கலியாணம் முடித்தார். அக்காவைப் பார்க்க வந்தவர் தங்கையை முடித்ததை ஊர் நாலு விதமாகப் பேசியது, நாலும் பிழை. நிஸ்தார் ஏறாவூரில் கலியாணம் முடித்துக் கட்டாருக்குப் போய்விட்டான், கடைக்குப் பூட்டு. கேதீஸ்வரி அதே வளவில், வேலிப் படலையோடு ஒட்டி, ஓலைக்கொட்டில் போட்டுக்கொண்டாள். யார் வந்தாலும் முதலில் அவளைத்தான் கடக்கவேண்டும்.

நல்லரத்தினம் நல்ல மனுஷன். பொழுதுபட வயலால் திரும்பும்போது சந்தியிலேயே சைக்கிள் மணியை அடிக்கத் தொடங்கிவிடுவார், வருவது தான்தான் என்று கொட்டிலுக்குக் கேட்கட்டும் என்று. ரோட்டில் ஒரு குஞ்சு குருமான் இல்லாவிட்டாலும் அந்த மணி படலைவரை அடித்துக்கொண்டே வரும்.