ஊளை அடங்கிய நேரம்

சாலிடரிங் இரும்பின் நுனியைத் தொட்டும் தொடாமலும் வைத்து, தையல்காரர் ஆம்ப்ளிஃபயர் பலகையிலிருந்து ஒரு டிரான்சிஸ்டரைக் கழற்றினார். கட்டிலில் கிடந்த மனைவி கண்ணை மூடியபடி ஒவ்வொரு சத்தத்தையும் கவனித்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷம் ரேடியோ பழுதுபார்த்தவள். பத்து நாளாய் அவளுக்கு ஒரு ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியவில்லை. இன்றைய பொழுதைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

நாலு மணிக்கு ஒரு குட்டிச் செயற்கைக்கோள் தலைக்கு மேலே போகும். படுக்கையில் விழுமுன் தன் கையால் கட்டிய ஆம்ப்ளிஃபயரில் அதன் சிக்னலை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுதான். அந்தப் பாழாய்ப்போன பெட்டியோ எதுவும் வராதபோதே தானாக ஊளையிட்டது.

"தப்பு என்னுதுதாங்க," என்றாள். "இருக்கிறதுலயே வேகமான டிரான்சிஸ்டரா பார்த்துப் போட்டுட்டேன். வெளியே போறது திரும்ப உள்ளே வந்தா, அதையும் பெருக்கி அனுப்புது. வாயையே மூடாது."

"உங்க அண்ணன் மாதிரி," என்றார் அவர்.

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமாயிற்று.

"டப்பாவுல மெதுவானது ஒண்ணு இருக்கும். நம்ம வேலைக்கு அது போதும்."

மாற்றினார். ஊளை குறைந்தது, நிற்கவில்லை. மணி மூன்று ஐம்பது.

"டிரான்சிஸ்டரோட கம்பிக் காலை எவ்வளவு நீளம் விட்டீங்க?"

"ஒரு விரக்கடை. பின்னால தேவைப்பட்டா..."

"ஏங்க, இதென்ன ஸ்கூல் பேன்ட்டா, வருஷா வருஷம் பிரிச்சு விடறதுக்கு? கம்பி நீண்டா அதுவே ஏரியல் ஆயிடும். ஒட்ட வெட்டுங்க."

உள்ளே துணி விட்டே பழகிய கை. மனசே இல்லாமல் கழற்றி, வெட்டி, பலகையோடு ஒட்டிப் பற்றவைத்தார்.

ஊளை அடங்கியது. எங்கோ மழை பெய்வதுபோல மெல்லிய இரைச்சல் மட்டும்.

"இது என்ன?"

"வானம்ங்க. இவ்வளவு நேரம் அதைப் பேசவிடாம நம்ம பெட்டிதான் கத்திக்கிட்டிருந்துச்சு."

அவர் இரும்பைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார். நாலு மணிக்கு அந்த இரைச்சலுக்குள்ளிருந்து வந்தது: பீப், பீப். டிபன் பெட்டி அளவே உள்ள ஒன்று, அத்தனை உயரத்திலிருந்து, இந்தச் சின்ன அறைக்குள். உடம்பு சிலிர்த்துவிட்டது. பட்டன் தைக்கிற கைக்கா இது வந்தது என்று பிரமித்துப்போய்த் திரும்பினார். அவள் விரல் போர்வைமேல் அதே கணக்கில் தட்டிக்கொண்டிருந்தது.

சற்று நேரத்தில் விரல் நின்றது.

"கேக்குதாம்மா?"

மூக்கருகே கையை வைத்துப் பார்த்தார். பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

பீப் சத்தம் தேய்ந்துகொண்டே வந்தது. அவர் எழுந்து போய், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.