நாலாயிரம் வீடுகளின் தலைவர்

வேலை போய் இரண்டு வருடம் ஆகியும் மேலாளர் தன்னை மேலாளராகவே நினைத்துக்கொண்டிருந்தார். குடும்பக் கணக்கெடுப்புக்கு டேப்லெட்டோடு வந்த பெண் இது தெரியாமல் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

"எங்க வீட்டை எதுக்கும்மா புடிச்சீங்க?"

"எல்லா வீட்டுக்கும் போக முடியாதில்ல சார்? கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு எடுத்துச்சு. நீங்க சொல்ற பதில் நாலாயிரம் வீட்டுக்குச் சமம்."

அவ்வளவுதான், மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. "சாயங்காலம் வாங்க, நான் தயாராகணும்" என்று அவளை அனுப்பிவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போட்டார். அதே சூட்டோடு எதிர்வீட்டு சலூன்காரரிடம் போய் நின்றார்.

"இனிமே நாலாயிரம் குடும்பத்துக்கு நான்தான் தலைவர். உங்க சார்பா ஏதாவது சொல்லணுமா?"

"முட்டி வலிக்குதுன்னு சொல்லிடுங்க."

"யோவ், அப்புறம் நாலாயிரம் பேருக்கு வலிக்கும்!"

"வலிக்கட்டுமே. எனக்கும் துணைக்கு ஆள் வேணாமா?"

சாயங்காலம் மேலாளர் கூடத்தின் நடுநாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மூலையில் மனைவியின் தையல் மெஷின் கடகடத்துக்கொண்டிருந்தது.

"குடும்பத் தலைவர் யாரு சார்?"

"இதெல்லாம் ஒரு கேள்வியாம்மா?" மேலாளர் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"வீட்டுல எல்லாரும் ஒத்துக்கணும், அதுக்காகக் கேட்டேன். சரி, போன வாரம் ஒரு மணி நேரமாவது வருமானத்துக்கு வேலை பாத்தீங்களா?"

"மேற்பார்வை பாத்தேன்."

"எதை?"

அவர் மெஷினைக் காட்டினார். மெஷின் நின்றது.

"என்னங்க, நூல்கண்டு எடுத்துத் தாங்கன்னு போன வாரம் கேட்டேனே, தந்தீங்களா?"

"யோசிச்சிட்டிருந்தேன்."

"யோசனைக்கு இதுல கட்டம் இல்ல சார். வேலை தேடுனீங்களா?"

"வேலைதான்மா என்னைத் தேடி வரணும்."

"வழி தெரியாம அலையுது போல" என்றாள் மனைவி. "நான் ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறேன்மா. வாடகை, கரண்டு, அவர் விறைப்பா போட்டிருக்காரே அந்தச் சட்டை, எல்லாம் இதுலதான்."

கணக்கெடுக்கும் பெண்ணின் விரல் திரையில் மனைவியின் பெயர்ப் பக்கம் நகர்வதை மேலாளர் பார்த்துவிட்டார். குரலைத் தாழ்த்தினார்.

"அவசரப்படாதம்மா. நாட்டு நன்மைக்குச் சொல்றேன். நீ ஒரு தட்டு தட்டினா நாலாயிரம் ஆம்பளைங்க பதவி போயிடும். கலவரம் வரும்."

"அவர் பேரையே போடும்மா" என்றாள் மனைவி. "தலைவரா இருக்கிறவர் நாளைக்கு வாடகையைக் குடுத்துடட்டும்."

மேலாளர் இருமினார், கூரையைப் பார்த்தார், மறுபடி இருமினார்.

"அவளையே போட்டுடும்மா."

"அப்ப நீங்க தலைவியோட கணவர். வேலை இல்லை, தேடவும் இல்லை. வீட்டு வேலை ஏதாவது செய்றீங்களா சார்? இதை நிரப்பலைன்னா அடுத்த பக்கம் வராது."

போன மானத்தில் கொஞ்சமாவது மிஞ்சட்டும் என்று மேலாளர் வாய்க்கு வந்ததைச் சொன்னார்: "பாத்திரம் கழுவுவேன்."

அவள் தட்டிவிட்டாள். அடுத்த பக்கம் வந்தது.

"பொய்க் கணக்கு நாட்டுக்கு ஆகாதுங்க" என்று மனைவி எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்க்கும் நாரைக் கொண்டுவந்து நீட்டினாள்.

சமையலறை ஜன்னல் தெருவைப் பார்த்திருந்தது. இஸ்திரி போட்ட சட்டைக்கையை முழங்கைவரை சுருட்டிவிட்டு நின்றவரை எதிர்வீட்டு சலூன்காரர் கண்டுகொண்டார்.

"என்ன தலைவரே, இது என்ன கோலம்?"

மேலாளர் நுரையோடு நிமிர்ந்தார். இழந்த கம்பீரம் அத்தனையும் திரும்பி வந்திருந்தது.

"நான் மட்டுமாய்யா? இந்த நிமிஷம் நாலாயிரம் பேர் கழுவிக்கிட்டிருக்கோம். அதுல நீங்களும் ஒருத்தர். இங்க என்ன வேடிக்கை? உள்ள போங்க, பாத்திரம் தொட்டி நிறையக் கிடக்கும்!"