மத்தியும் மஞ்சள் தீர்த்தமும்

கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே ஒரு ஊரில், மாரியம்மன் நோம்பிக்குப் பூவோடு என்கிற தீச்சட்டி எடுப்பது ஒன்பது வருடமாகக் கருப்புசாமிதான். தணல் எரியும் மண்சட்டியை ஏந்தி அவர் நடக்கிற நடையைப் பார்த்தால், அம்மனே இவரிடம் கேட்டுக்கொண்டுதான் ஊருக்குள் வந்தாளோ என்று தோன்றும். கோயிலில் கம்பம் நட்டதிலிருந்து பதினைந்து நாள் சட்டி எடுப்பவர் வீட்டில் கவுச்சி கூடாது. அதை அவர் தெருவெல்லாம் பறைசாற்றியதில், பக்கத்து வீட்டுக் காளிச்சாமி தன் வீட்டில் முட்டை அவிக்கவே பயந்தார். சட்டி எப்போது தன் கைக்கு வரும் என்று காத்திருப்பவரும் அந்தக் காளிச்சாமிதான்.

இந்த வருடம் கம்பம் நட்ட ஐந்தாம் நாள், ஷைஜுவின் சாப்பாட்டுக் கடைப் பின்கட்டில் கருப்புசாமி பொரித்த மத்தி மீன் ஆறு தின்றார். மனிதர் அதோடு விட்டாரா? எட்டாம் நாளும் போனார்.

பன்னிரண்டாம் நாள் அவருக்குப் பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் எண்டோஸ்கோபி. மூன்று மாத நெஞ்செரிச்சல். அதற்கு முந்தின நாள், அங்கே ஆராய்ச்சி செய்யும் யோகப்பிரியா போனில் கேட்டாள்.

"ஐயா, டியூப் உள்ள போறப்பவே சிறுகுடல்ல இருந்து கொஞ்சம் நீர் உறிஞ்சிக்கட்டுங்களா? அதுல என்னென்ன நுண்ணுயிர் குடியிருக்குதுன்னு பாக்கறோம். நாம திங்கறதுக்குத் தக்கனதான் அதுகளும் இருக்குமுங்க."

"தாராளமா எடுத்துக்கம்மணி" என்று போனை வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. மத்தி காட்டிக்கொடுத்துவிட்டால்?

விடிந்ததும் கோயிலுக்குப் போய், மஞ்சளும் வேப்பிலையும் மிதக்கிற தீர்த்தத்தை ஒரு சொம்பு நிறையக் குடித்தார். அம்மன் தீர்த்தத்துக்கு முன்னால் மத்தியாவது மண்ணாங்கட்டியாவது! பச்சைத்தண்ணீர்கூடக் கூடாதென்று ஆஸ்பத்திரியில் சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் தீர்த்தம் தண்ணீரில் சேராது என்பது அவர் கட்சி.

ஆஸ்பத்திரியில் மனைவி முத்தாத்தாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். யோகப்பிரியா படிவத்தை விரித்தாள்.

"கறி, மீனு கடைசியா எப்பங்க?"

"நாங்க கம்பம் நட்டா சைவமுங்க." மனைவியைப் பார்க்காமல் சொன்னார்.

"வெறும் வயிறுதானுங்களே?"

"ஆமாங்க" என்று வாயைத் திறந்ததுதான் தப்பு. நாக்கு மஞ்சளாக இருந்தது. கடைவாயில் ஒரு வேப்பிலை.

"இதென்னங்க?"

"தீர்த்தமுங்க. ஒரு... சொம்பு."

"ஐயோ! வயித்துல தண்ணி இருந்தா மேல ஏறி மூச்சுக்கொழாய்க்குள்ள போயிருமுங்க. எதுக்குங்க குடிச்சீங்க?"

"கொடலக் கழுவத்தானுங்க."

"எதுக்குக் கழுவோணும்?" இதைக் கேட்டது முத்தாத்தாள்.

அவர் கடைவாய் வேப்பிலையை எடுத்துக் கைக்குள் மடக்கினார்.

"மத்தி" என்றார் கருப்புசாமி. "ஒரு நாளு ஆறு. அப்பறம் இன்னொரு நாளு எட்டு."

"நெத்திலியவும் சேத்து எழுதிக்கம்மணி" என்றாள் முத்தாத்தாள். "எலுமிச்சம்பழத்துல கையத் தேச்சுட்டு வந்துருவாரு. சட்டைய யாரு தொவைக்கறது?"

"தெரிஞ்சும் ஏம்புள்ள கேக்கல?"

"நீங்களாச் சொல்றீங்களான்னு பாத்தனுங்க. எங்கிட்டயும் சொல்லல, அம்மங்கிட்டயும் சொல்லல. கொடலு பாக்க வந்த புள்ளகிட்டச் சொல்றீங்க!"

யோகப்பிரியா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "படிவத்துல பேரே இருக்காதுங்க, நம்பர்தான். மீனு தின்னா ஒண்ணும் தப்பில்லீங்க. பொய் எழுதுனாத்தான் ஆராய்ச்சி கெட்டுப்போகும். நாளைக்கு வாங்க."

மறுநாள் நிஜமாகவே வெறும் வயிற்றோடு போனார். வேலை முடிந்ததும், ஐஸ் பெட்டிக்குள் போகவிருந்த சின்னக் குப்பியைப் பார்த்துப் பதறினார்.

"இன்னும் தீர்த்தம் நிக்குதுங்களே!"

"அது பித்தமுங்கய்யா. எல்லாருக்கும் மஞ்சளாத்தான் இருக்கும்."

டாக்டர், பொரித்ததைக் குறைக்கச் சொல்லி மாத்திரை கொடுத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் கருப்புசாமி முனகினார். "இனி நான் சட்டியத் தொட முடியாது. அந்தக் காளிச்சாமிக்கா குடுக்கறது?"

"ஏனுங்க, நெசமா வெரதம் இருந்தவ ஊட்டுலயே இருக்கறனே, கண்ணுக்குத் தெரியலீங்களா?"

நோம்பியன்று சட்டியை முத்தாத்தாள் ஏந்தினாள். கருப்புசாமி வேப்பிலைக் கொத்தோடு பின்னால் நடந்தார். எதிர்பார்த்தபடியே காளிச்சாமி வந்து ஒட்டிக்கொண்டார்.

"ஏம் மச்சா, நீங்க எடுக்கல?"

டாக்டர் சூடு ஆகாதென்றார் என்று சொல்லத்தான் இரண்டு நாளாக ஒத்திகை. முன்னால் போன முத்தாத்தாளின் நடை, பதிலைக் கேட்கவோ என்னவோ, லேசாக வேகம் குறைந்தது.

"மத்தி தின்னுட்டேன் மாப்ள. ஷைஜு கடையில, எட்டாம் நாளு."

காளிச்சாமி வாயைப் பிளந்தார். "எட்டாம் நாளா? நானும் முன்கட்டுல மத்தி தின்னுட்டு இருந்தனே, உங்களக் காணோமே!"

முத்தாத்தாள் சிரித்த சிரிப்பில் சட்டியின் தணல் ஒருமுறை ஆடி நின்றது.