வடைமாலை நாளும் ரீச்சரின் டிக்கியும்

பதினெட்டு ரூபா ஐம்பது சதம். மனைவி பூரணத்தின் காய்ச்சலுக்கு வைத்தியம் பார்க்க, அவளுடைய தோட்டை ஈடு வைத்துக் கோப்பாய்ப் பள்ளிக்கூடத்து ஐரிஸ் ரீச்சரிடம் பஞ்சலிங்கம் வாங்கிய கடன். தோட்டம் கொத்துகிற கூலியில் அதை எப்படி அடைக்கிறது? பூரணம் காதுத் துளையில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு திரிந்தாள். பஞ்சலிங்கத்தின் மச்சாள் கலியாணம் வேறு வருகிறது; அதுக்கும் குச்சியோடேயா போவாள்?

ரீச்சர் கிணற்றடியில் வழுக்கிக் கால் முறிந்து கிடந்தபோது ஒரு வழி சொன்னா.

"என்ரை டிக்கியைப் பின்னேரத்திலை நடத்திக்கொண்டு வாரும். உம்மடை மச்சாளின்ரை கலியாணம் வரைக்கும் அவனிலை ஒரு கடி படாமல் பாத்தால் கடன் தீர்ந்துது. பட்டால் கடனும் நிக்கும், தோடும் நிக்கும்."

டிக்கி ஒரு தேங்காய் அளவு நாய். லேசான வேலை என்றுதான் நினைத்தான். ஆனால் முன்னொருக்கால் ஒரு பெரிய நாய் அதின் காதைக் கிழித்திருந்தது. அன்றிலிருந்து தூரத்தில் ஒரு வால் தெரிந்தாலே பேய் பிடித்தமாதிரிப் பாய்ந்து குரைத்து, எந்தக் கடுவன் நாயையும் சண்டைக்குக் கூப்பிடும். அது வந்தால் சாகப்போவது டிக்கிதான்.

"கயித்தை இழுத்துப் பிடியாதையும்," என்பா ரீச்சர். "உம்மடை பயம் கயித்தாலை இறங்கி அவன்ரை கழுத்துக்குப் போகுது. தூக்கவும் வேண்டாம், மற்றது மேலை பாயும். அவன் முறைக்க முந்தித் திருப்பிக்கொண்டு போம்."

சொல்லுறது சுகம். நாயைக் கண்டால் பஞ்சலிங்கத்தின் கை தானாகவே கயிற்றைச் சுற்றிக்கொள்ளும். அதனால் நாய் நடமாட்டமில்லாத தோட்டப் பாதையாலேயே போய் வந்தான்.

கலியாணத்துக்கு முதல்நாள், கடைசி நடை. திரும்பி வரும்போது எருவண்டி ஒன்று அச்சு முறிந்து தோட்டப் பாதையை அடைத்துக்கொண்டு கிடந்தது. வண்டிக்குக் கீழே வண்டிக்காரனின் இரண்டு நாய்கள். பொழுதும் சாய்ந்துவிட்டது. மிச்சமிருந்தது வைரவர் கோயில் ஒழுங்கைதான். அன்றைக்குப் பார்த்து வைரவருக்கு வடைமாலை. வடைக்காக ஊர்நாய்கள் எல்லாம் அங்கேதான் கிடக்கும்.

இரண்டு பக்கமும் பனையோலை வேலி, விலக இடமில்லை. கோயில் வாசலில் நாய்க்கூட்டம். நடுவில் கன்றுக்குட்டி போலக் கறுவல் என்கிற கறுத்தக் கடுவன். டிக்கியின் உடம்பு விறைத்தது. பஞ்சலிங்கம் குனிந்து கல்லை எடுத்தான்.

"கீழை போடடா கல்லை!" கோயில் பார்க்கிற சோமசேகரம் உள்ளேயிருந்து கத்தினார். "வைரவரின்ரை வாசலிலை அவரின்ரை வாகனத்துக்கே எறியப்போறாய்? கை அழுகிப்போம்!"

"அண்ணை, உதுகளைக் கூப்பிடுங்கோ! இதிலை கடி பட்டால் மனிசியின்ரை தோடு போச்சு!"

"சேர்ச்சுக்குப் போற வேதக்காரியின்ரை நாய்க்கு இஞ்சை என்ன அலுவல்?"

கல் விழுந்தது. கறுவல் எழுந்து தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்தது. டிக்கி கழுத்து நெரிபட இரண்டு காலில் நின்று அலறியது. பஞ்சலிங்கம் தன் கையைப் பார்த்தான். கயிறு மூன்று சுற்று. விரல்களை விரித்தான். கயிறு தொய்ந்தது.

"வாடா ராசா."

வேலியோரம் திரும்பி, டிக்கிக்குப் போடவென்று ரீச்சர் தந்து, வேட்டி மடியில் முடிந்திருந்த கருவாட்டுத் துண்டுகளைத் தன் காலடியில் உதறினான். டிக்கி கறுவலைப் பார்த்தது, மணலைப் பார்த்தது. பிறகு மூக்கை மணலுக்குள் விட்டது. குரைப்பு நின்றது.

ஆனால் மணம் மற்ற நாய்களையும் எழுப்பிவிட்டது. தோளிலிருந்த ஒரே சால்வையை விரித்துத் திரைபோல நடுவில் நின்றான். கறுவல் அதின் நுனியைக் கவ்வி இழுத்தது. துணி கிழிகிற சத்தம். அவன் விட்டுவிட்டான். இனி மறைக்க ஒன்றுமில்லை.

"இந்தா, இந்தா!" சோமசேகரம் வடைமாலையில் ஒரு பிடியைப் பிய்த்துக் கோயில் முற்றத்துக்குள் எறிந்தார். நாய்கள் உள்ளே பாய்ந்தன. கறுவல் சால்வையோடேயே ஓடியது. "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? கெதியாப் போ! உன்ரை ரீச்சருக்குச் சொல்லு, எங்கடை வைரவர்தான் காப்பாத்தினவர் எண்டு!"

ரீச்சர் டிக்கியை மடியில் வாங்கிக் காது, கழுத்து, வயிறு எல்லாம் தடவிப் பார்த்தா.

"எந்தப் பாதையாலை வந்தனீர்?"

"வைரவர் ஒழுங்கையாலை, ரீச்சர். வேறை வழியில்லை."

தடவின கை நின்றது. "சால்வை எங்கை?"

"கறுவலிட்டை."

"கயிறு?"

"முதல் இழுத்தனான். பிறகு விட்டிட்டன்."

 ரீச்சர் இடுப்பிலிருந்த அலுமாரித் திறப்பை நீட்டினா. "மேல்தட்டிலை சிவத்த துணியிலை தோடு கிடக்கு. நீரே எடும். கடன் முடிஞ்சுது. நாளைக்குச் சால்வையில்லாமலே கலியாணத்துக்குப் போறீர்?"

"தோட்டோடை அவள் முன்னுக்குப் போனால் என்னை ஆர் பாக்கினம், ரீச்சர்?" என்றபடி அவன் அலுமாரியைத் திறந்தான்.